ஆடியில் பிரித்த ஓடுகள்

தொண்ணூற்றொன்றாம் வருஷம் நான் ஒருவனைக் கொல்லப் பார்த்தேன். அவன் மண்டை கெட்டியாக இருந்ததால் ஜெயிலுக்குப் போகாமல் தப்பித்தேன். என் நல்ல குணத்தால் தப்பித்ததாக நினைத்துவிட வேண்டாம்.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டுமாக ஓட்டு வீடு ஒன்று கட்டியிருந்தேன். நெடுஞ்சாலைப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கிய நேரம். தூத்துக்குடிப் பக்கத்து வெல்டர் ஒருவன், மனைவியும் மூன்று வயதுப் பெண் குழந்தையுமாக வீடு கேட்டு வந்தான். பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் போட்டோம். செப்டம்பர் முதல் தேதி தொடங்கி ஜூலை முப்பத்தொன்றோடு முடியும் என்று முத்திரைத்தாளில் எழுதினார்கள். எழுதியவர், சாட்சிகள் இரண்டு பேர், நான், அவன், ஆக ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட அந்தத் தேதி ஆடி மாதத்தின் நட்டநடுவில் விழுகிறது என்று தோன்றவில்லை. ஆடியில் எங்கள் பக்கம் எவனும் வீடு மாற மாட்டான்.

இடையில் தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என் மனைவிக்கும் அம்மாவுக்கும் அடுப்படியில் ஒத்துப்போகவில்லை. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீடு அழைத்துப்போக வந்த மாமனார் வாசலிலேயே சொல்லிவிட்டார். ஆவணி முதல் தேதி தனி வீட்டில் பால் காய்ச்சினால் பெண்ணை அனுப்புவார், இல்லையென்றால் அவள் தாய்வீட்டில், தண்டலத்திலேயே இருப்பாள். அவள் போன பிறகு எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் பார்த்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

ஜூலைக் கடைசியில் வெல்டரிடம் போய் வீட்டைக் கேட்டேன். அவன் மரியாதையாகத்தான் பேசினான்.

“அண்ணாச்சி, ஆடியில எங்கன போவேன்? எவனும் வீடு தரமாட்டாம்லா. ஆவணி ஒண்ணாந்தேதி சாவிய உங்க கையில தந்திருதேன்.”

பதினாறு நாள்தான். ஆனால் வெள்ளையடிக்க வேண்டும், கட்டில் வாங்கிப் போட வேண்டும், அதே முதல் தேதி காலையில் பால் காய்ச்ச வேண்டும். அடுத்த முகூர்த்தத்தில் குடிபோனால் ஆகாதா, மாமனாரிடம் போய்ப் பேசிப் பாரேன் என்று அம்மா கேட்டாள். மாமனார் முன்னால் போய் நிற்பதைவிடச் செத்துப்போகலாம் என்று எனக்கு இருந்தது. ஒப்பந்தம் எழுதியவரிடம் போனேன். கெடு முடிந்தாலும் ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள முடியாது, நோட்டீஸ் விட வேண்டும், அதற்கும் போகாவிட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றார். டீக்கடையில் இருந்தவர்கள் இன்னும் எண்ணெய் ஊற்றினார்கள். கெடுவைத் தாண்டி ஒரு நாள் விட்டாலும் வீடு அவனுக்குத்தான், உனக்குப் பட்டை நாமம்தான் என்றார்கள். கட்டிய வீடும் போய், கட்டியவளும் போய்விடுவாள் என்ற பயம் பிடித்துக்கொண்டது. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

ஆகஸ்ட் முதல் தேதி காலை கடப்பாரையோடு போனேன். வெல்டர் அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தான். நேராகச் சமையல்கட்டுக்குள் போய், அடுப்பில் கொதித்த உலைப்பானையை எட்டி உதைத்தேன். வெந்நீர் அவன் மனைவியின் காலில் கொட்டியது. அவள் அலறினாள். எழுந்து ஓடிவந்தவனைக் கன்னத்தில் அறைந்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டான். அந்தக் கும்பிடு என்னை இன்னும் வெறியாக்கியது.

ஏணி வைத்துக் கூரைமேல் ஏறினேன். ஓடுகளைக் கடப்பாரையால் நெம்பி நெம்பி உள்ளேயே போட்டேன். ஒவ்வொன்றும் தரையில் விழுந்து வெடித்தது. உள்ளே குழந்தை வீறிட்டது எனக்குக் கேட்டது. கேட்டும் நிறுத்தவில்லை. அதை இத்தனை வருஷத்தில் எனக்கு நானே மன்னித்ததில்லை. அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வெந்த காலை இழுத்து இழுத்து வெளியே ஓடினாள்.

அதுவரை கும்பிட்டவன் குழந்தை அழுததும் வேறு ஆளாகிவிட்டான். ஏணியில் ஏறி என் காலைப் பிடித்து இழுத்தான். கையிலிருந்த ஓட்டால் அவன் தலையில் ஓங்கி அடித்தேன். ஓடு இரண்டாக உடைந்தது. நெற்றி பிளந்து முகமெல்லாம் ரத்தமாகியும் பிடியை விடவில்லை. இருவரும் ஏணியோடு கீழே விழுந்தோம். என் தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மற்றக் கையால் அவன் கழுத்தை நெரித்தேன். அவன் என் மணிக்கட்டைக் கடித்துச் சதையைப் பிய்த்தான். தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்துதான் எங்களைப் பிரிக்க முடிந்தது. அவன் நெற்றியில் ஒன்பது தையல்.

மறுநாளே அவர்கள் போய்விட்டார்கள். காலில் துணி சுற்றியிருந்த அவன் மனைவி, சாமான் வண்டியில் ஏறும்போது, ஆடியில் என் பிள்ளையைத் தெருவில் இறக்கிவிட்டார்களே என்று சொல்லி அழுதாள். வெந்நீர் பட்ட அன்றுகூட அப்படி அழவில்லை.

ஒற்றைக் கையோடு நின்று, ஆள் வைத்துக் கூரையை வேய்ந்தேன். சுவரில் தெறித்த ரத்தத்தைச் சுரண்டிவிட்டு இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

ஆவணி முதல் தேதி மாமனார் என் மனைவியை அழைத்து வந்தார். தண்டலத்துக்கு எல்லாச் செய்தியும் போயிருந்தது. அவள் படியேறாமல் வெளியே நின்று கூரையைப் பார்த்தாள். பழைய ஓடுகளுக்கு நடுவே புது ஓடுகள் சிவப்பாகத் தெரிந்தன. பிறகு கட்டுப் போட்டிருந்த என் கையைப் பார்த்தாள். உள்ளே வா, பால் காய்ச்ச நேரமாகிறது என்றேன்.

“அந்த வூட்ல நீங்க கைய ஓங்கனா உங்கம்மா குறுக்க வந்து வுழுவாங்க,” என்றாள். “இங்க யாரு கீறாங்க?”

மாமனார் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். மகள் அடி வாங்கியது அவருக்கு அதுவரை தெரியாது. அந்த ஆறு மாதத்தில் அம்மா மூன்று முறை எங்கள் நடுவே விழுந்திருக்கிறாள். ஒரு முறை என் அடி அம்மா முதுகில் விழுந்தது. புருஷன் பெண்டாட்டிக்குள் நடப்பதுதானே என்று நான் மறந்தேபோயிருந்தேன்.

மாமனார் தன் மகள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார். நான் கூப்பிட்டேன். அவள் ஓடத் தொடங்கினாள்.