டிரா அக்காவின் ஞாயிற்றுக்கிழமை

ஆஸ்பத்திரி லாண்டரியில் இஸ்திரி போடும் அக்காவுக்கு ‘டிரா அக்கா’ என்று பெயர். செக்கர்ஸ் பலகையில் அவரை ஜெயித்தவரும் இல்லை, அவரிடம் தோற்றவரும் இல்லை. பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவிதான் மிச்சம்.

ஞாயிறு காலை வேலைக்கு இஸ்திரி ஆட்கள் வருவதா, துவைக்கும் மெஷின் ஆட்கள் வருவதா என்பதை வருடத்துக்கு ஒரு தடவை ஒரே ஆட்டத்தில் முடிவு செய்துகொள்வோம். மேனேஜருக்கு யார் வந்தாலும் சரி. ஆட்டம் டிரா ஆனால் பழைய ஏற்பாடே தொடரும். போன வருடத்து லீவு இஸ்திரிக்காரர்களான எங்களுடையது. அக்காவுக்கு அது உயிர். வீங்கிய காலை நீட்டிப்போட்டு அவர் தூங்குவது அன்று ஒரு நாள்தான்.

இந்த வருடம் எங்களுக்காக ஆடியது அக்கா; எதிரே உட்கார்ந்தவர் மெஷின்காரர் ஒருவர். எல்லோரும் ஒரே ஆட்டத்தை மனப்பாடம் செய்துவந்து உயிரை வாங்கியதால், ஆரம்ப நகர்த்தல்களைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்போம். இந்தத் தடவை வந்த சீட்டு அக்காவின் பக்கத்தை எடுத்த எடுப்பிலேயே முடக்கிவிட்டது. தப்பிக்க இரண்டே வழி. நடுவில் புகுந்து வெட்டலாம். மெஷின்காரர் அசந்தால் வெற்றி, அசராவிட்டால் கதை கந்தல். இல்லையென்றால், ஒரு காயைச் சும்மா வெட்டக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஒன்றைப் பிடிக்கும்வரை ஓரமாக ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும்.

நாங்கள் வெட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டினோம். அக்கா காயைக் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு ஆட்டம் ஜவ்வாக இழுத்தது. ஆட்கள் ஒவ்வொருவராக பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். மெஷின்காரர் எந்தக் காயை நகர்த்தினாலும் ஒன்று பறிபோகும் என்ற நிலை வந்தது. கொடுத்ததற்கு ஈடாக அக்கா ஒன்றை எடுத்துக்கொண்டார். கடைசியில் இரண்டு பக்க ராஜாக்களும் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்ததுதான் மிச்சம்.

மெஷின்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

“போதும் அக்கா. டிராவே வெச்சுக்கலாம்.”

“சரி தம்பி.”

“ஜெயிக்கணும்னு எல்லாம் இல்ல. இந்த ஒரு வருஷமாவது ஞாயித்துக்கிழமை தூங்கலாம்னு பாத்தேன்.”

அக்கா காய்களைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

“நானும் அதுக்குத்தான் தம்பி ஆடினேன்.”

அக்காவுக்குப் பாவமாகத்தான் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. லீவை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பக்கென்றது. அக்கா பெட்டியை மூடி வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். அந்த ஒன்றை மட்டும் அவர் கொடுக்கவில்லை.