மேஜரின் முப்பத்தெட்டு கிலோ

எங்கள் கிடங்கின் காவலாளிக்குக் ‘கறார்’ என்று பட்டப்பெயர். சொந்த மைத்துனரே லாரியோடு வந்தாலும் சீட்டு இல்லாமல் கேட்டைத் திறக்கமாட்டார். அந்தக் கறாரை மேஜரின் தட்டிலும் காட்டினார். மேஜர் எங்கள் காவல் நாய், டாபர்மேன்.

இங்கே வந்தபோது மேஜர் நாற்பத்தாறு கிலோ. பார்சல் தராசில் ஏற்றிப் பார்த்தது நான்தான். எடை போடுவது என் வேலை. பத்தடி ஓடினால் அதற்கு மூச்சு வாங்கும்.

“இந்த வகை நாய்க்கு இதயக் கோளாறு சுலபமா வரும். இதுல இந்தப் பாரம் வேறயா? எட்டு கிலோ இறக்குங்க. தடவினா விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும், மேல இருந்து பாத்தா இடுப்பு தெரியணும்” என்றார் கால்நடை மருத்துவர்.

அன்று பிடித்த பிடியைக் கறார் விடவில்லை. அளந்துதான் தீனி, இரண்டு வேளையும் நடை, சனிக்கிழமைதோறும் தராசு. ஆறு மாதத்தில் முப்பத்தெட்டு. மேஜர் சிட்டாகப் பறந்தது.

எங்கள் ஆட்களுக்குத்தான் பொறுக்கவில்லை. “வாயில்லா ஜீவனை எலும்பும் தோலுமா ஆக்கிட்டாரே!” என்று கேன்டீன்காரர் ஆரம்பித்தார். ஆளாளுக்கு பிஸ்கட் போட, கறார் ஓடிவந்து பிடுங்க, தினமும் ரகளை.

“சதை வச்சாத்தான் ஆரோக்கியமாய்யா? முதல்ல உன் தொப்பையைப் பாரு!” என்று ஒருநாள் கேன்டீன்காரரிடம் கத்திவிட்டார். வம்பு முற்றியது. நாயைப் பட்டினி போடுகிறார் என்று மேனேஜருக்கு மனு தயாரானது.

காகிதம் என் மேசைக்கும் வந்தது. வாராவாரம் எடை எழுதிய நோட்டு என் இழுப்பறையிலேயே கிடந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் மத்தியானம் இவர்களோடுதானே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்? கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன்.

மேனேஜர் நாயைப் பார்க்கவில்லை, மனுவைப் பார்த்தார். தீனி அறைச் சாவி கேன்டீன்காரர் கைக்குப் போனது. கறார் கேட்டை விட்டு நகரக்கூடாது என்று உத்தரவு. அவர் மனுவை வாங்கி, ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தார். என் பெயரில் நின்றார்.

“அவங்களுக்குத் தெரியாது தம்பி. உங்களுக்குத் தெரியுமே.”

“எல்லாரும் போட்டாங்கண்ணே...” என்று இழுத்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

நாலு மாதம் ஆகிறது. மேஜரைத் தராசில் ஏற்றச் சொல்லி இப்போது யாரும் கேட்பதில்லை. நேற்று அது ஆபீஸ் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டது. வயிறு வேகவேகமாக ஏறி இறங்கியது. கேட்டில் நின்ற கறார் கம்பியைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பசி போல, பாவம்” என்று கேன்டீன்காரர் ஒரு துண்டு கேக்கை அதன் வாயருகே நீட்டினார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.