ஷெல்பி விட்டுவைத்த மௌனம்

பதிவு முடிந்த எந்தப் பாட்டையும் ஷெல்பி ஹார்டின் முதலில் போட்டுக் கேட்பது தன் பழைய பிக்கப் வண்டியில்தான். பலசரக்குக் கடை வாசலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பூட்ஸ் காலை டாஷ்போர்டின் மேல் போட்டுக்கொள்வாள். வலது ஸ்பீக்கர் கிழிந்து கரகரக்கும். "இதுல நல்லா கேட்டா பரலோகத்துலயும் நல்லா கேக்கும்" என்பாள். பக்கத்தில் கணவன் ரஸ். அவள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவனும் அவனே.

"என் டிரம்ஸ் எங்க?" என்றான் சென்ற வாரம்.

"எடுத்துட்டேன். பாட்டுக்கு மூச்சு முட்டுச்சு."

"பின்ன ஆல்பத்து அட்டையில எதுக்கு என் பேரு?"

"காபி போட்டதுக்கு."

நாஷ்வில் நகரத்து மற்ற கிறிஸ்தவப் பாடகிகள் மேடையேறும் முன் வெந்நீரில் தேன் கலந்து குடிப்பார்கள். ஷெல்பி காரக் கோழி தின்பாள். சபையில் போதகர் ஜெபத்தை நீட்டினால், கண்ணை மூடியபடியே கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பாள். நாற்பத்தெட்டு வயதிலும் ரசிகர்களோடு படம் எடுக்கும்போது நாக்கை நீட்டிவிடுவாள்.

முதல் ஆல்பம் இருபது வயதில் வந்தது. வாலிபர் முகாமில் தீயைச் சுற்றிப் பாடிய பாட்டுகள், எல்லாவற்றுக்கும் கிட்டாரில் அதே மூன்று ஸ்வரக்கட்டுகள். இப்போது அதைக் கேட்டால், "யாரோ இந்தப் புள்ளைக்கு சர்க்கரையை அள்ளிக் குடுத்துட்டாங்க" என்று சிரிப்பாள். இரண்டாவதில் ரெக்கார்டு கம்பெனி முப்பது வயலின்களை வைத்தது. அது பல் டாக்டர்களின் வரவேற்பறைகளில் நன்றாக ஓடியது.

மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அவள் தம்பி கோடி, ஓட்டிப்போன லாரி கவிழ்ந்து செத்தான். ஒரு பாட்டு முழுக்க அவள் கடவுளிடம் ஏன் என்று கேட்டாள். பதில் எதுவும் எழுதவில்லை. கம்பெனியின் கிரெய்க் அதை இரண்டு முறை போட்டுக் கேட்டான்.

"ரொம்ப நல்லா இருக்கு ஷெல்பி. கடைசியில மட்டும் நம்பிக்கையா ஒரு வரி போடேன். பிள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுட்டு வர்ற அம்மா கார்ல இதைக் கேட்டா அழுதுருவா."

"அழட்டுமே. வண்டிய ஓரங்கட்ட எடமா இல்ல?"

ஆனாலும் கடைசியில் எழுதிக் கொடுத்தாள். 'விடிந்ததும் எனக்குப் புரிந்தது' என்று ஒரு வரி. எதுவும் விடியவில்லை, எதுவும் புரியவுமில்லை. அவள் பாட்டுகளிலேயே அதிகம் ஓடியது அதுதான். ஊர் ஊராகப் பாடினாள். அந்த வரி வரும்போது மட்டும் மைக்கைச் சனங்கள் பக்கம் நீட்டிவிடுவாள். தங்களைப் பாட விடுகிறாள் என்று அவர்கள் உருகினார்கள்.

நான்காவது ஆல்பத்தை அவளே சொந்தமாகப் போட்டாள். குரலை இறக்கி, செல்லோ என்ற பெரிய வயலின் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பாடினாள். வாங்கியவர்களில் பாதிப்பேர் உறவுக்காரர்கள். ஆனால் மெதுவாகப் பாடுவது எப்படி என்று அதில்தான் பிடிபட்டது.

ஐந்தாவதை வீட்டுச் சலவை அறையில், சுவரெங்கும் போர்வை மாட்டிப் பதிவு செய்கிறாள். கோடியின் பாட்டை மறுபடி எடுத்து, அந்த வரியை நீக்கிவிட்டாள். வரி இருந்த இடத்தில் வெறும் மௌனம். வண்டியில் கேட்டபோது அந்த இடத்தில் ரஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நேற்று வானொலி நிலையத்து டென்னி போன் செய்தான். பாட்டைப் போட அவனுக்கு ஆசைதான்.

"அந்த மௌனம்தான் தகராறு, ஷெல்பி. அவ்வளவு நேரம் சத்தமே இல்லன்னா, ஸ்டேஷன் செத்துருச்சுன்னு மிஷின் நெனச்சுக்கும். தானா வேற பாட்டப் போட்டுரும்."

"மிஷினுக்கும் பொறுமை இல்லையா?"

"பாதியா குறைச்சுக்குடு. இல்லன்னா ஒரு வரியப் போட்டு நிரப்பிரு. உனக்கா வராது?"

"ஒரு தடவ நிரப்பினேன். போதும்" என்று போனை வைத்தாள். இந்த நிலையமும் போடாவிட்டால் வேறு யாரும் போடப்போவதில்லை. காலையில் வேகவைத்த சோளத்தை மதியம் வரை தொடவில்லை.

மதியம் எழுந்து, "இன்னொரு தடவ எடுப்போம்" என்றாள். ரஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். வெளியே ஓக் மரங்களில் சில்வண்டுகள் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன. ஜன்னல் சாத்தியிருந்ததால் உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. துணி மடிக்கும் மேசையில் சாய்ந்து, ஒருவரிடம் பேசுவதுபோல ஷெல்பி பாடினாள். கடைசிக் கேள்வியைக் கேட்டாள். வரி இருந்த இடம் வந்தது.

ஜன்னலை மேலே தூக்கிவிட்டு, மைக்கைச் சில்வண்டுகள் இரையும் மரங்களின் பக்கம் திருப்பி வைத்தாள்.