நோஞ்சான் குழி

ஆய்வுக்கூடத்தில் அவரைப் 'பொட்டி அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். செல்களை வளர்க்கும் சூட்டுப்பெட்டிதான் அவர் உலகம். "அந்தப் பொட்டிக்குப் பொண்டாட்டியா நீ, எனக்கா?" என்று அவர் கணவர் போனில் கத்துவது எங்களுக்கும் கேட்கும். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து படுத்திருக்கும் மனிதர். அக்காவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

அந்தச் சம்பளம் ஒரே ஒரு செல்லின் வம்சத்தை நம்பியிருந்தது. நம் ரத்தத்தில் இயற்கைக் கொல்லி செல்கள் உண்டு. கெட்டுப்போன செல்லைத் தொட்டுப்பார்த்துக் கொல்பவை. அவை தொட்டறியும் ஏற்பிகளில் ஒன்றில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியை இந்த வம்சம் சுரந்தது. கடையில் கிடைக்காது; அதை வைத்துத்தான் எங்கள் ஆய்வே. சில மாதங்களாகச் சுரப்பு வற்றிக்கொண்டே வந்தது.

"உறைய வெச்சதுல இதான் கடைசிக் குப்பி. இதுவும் வரலைன்னா இந்த ஆய்வையே மூடிடலாம்மா," என்றார் பேராசிரியர்.

அக்கா குப்பியை உருக்கி, குழிக்கு ஒரு செல்லாகத் தட்டுகளில் பிரித்துவிட்டார். இரண்டு வாரத்தில் சில குழிகளில் செல்கள் பெருகி நிரம்பின. அந்தக் குழிகளின் திரவத்தைக் கொல்லி செல்கள்மேல் விட்டு, நிறமேற்றிக் கருவியில் ஓட்டினேன். ஆன்டிபாடி ஒட்டியிருந்தால் திரையில் வரைபடத்தின் மேடு வலப்பக்கம் நகரும். எதுவும் நகரவில்லை.

"தின்னு கொழுக்க மட்டும் தெரியுது. வேலை செய்ய வலிக்குதா?" தட்டுகளைப் பார்த்துத் திட்டினார் அக்கா.

எனக்குச் சுரீரென்றது. சுரக்காத செல்லுக்குச் சத்துச் செலவில்லை. அதனால்தான் வேகமாகப் பெருகுகிறது. கொழுத்ததையே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து வம்சத்தை நாங்களேதான் கெடுத்தோமா?

"அக்கா, நோஞ்சானெல்லாம் எங்க?"

"தேறாதுன்னு காலையிலயே குப்பையில போட்டேன்டி!"

குப்பையில் பிளீச் ஊற்றிச் செல்களைக் கொல்வது மாலையில்தான். இருவரும் குப்பைப் பையைக் கவிழ்த்தோம். மூடி கழன்ற தட்டுகள் காய்ந்துகிடந்தன. ஒன்றில் மட்டும் மூடி அப்படியே இருந்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், மூலைக் குழியில் விரல்விட்டு எண்ணும்படி சில செல்கள். செத்தவையா, இருப்பவையா? அக்கா அதில் புது ஊட்டத் திரவம் விட்டார்.

அடுத்த வாரம் அந்தக் குழியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து ஓட்டினேன். மேடு வலப்பக்கம் நகர்ந்தது. கொஞ்சம்தான்.

அக்கா சிரிக்கவில்லை. "இத்தனூண்டு கூட்டம். நாளைக்கு இருக்குமா?"

அவர் போன் அடித்தது. அதே கத்தல்.

"ஆமாய்யா," என்றார் அக்கா, பெட்டிக் கதவிலிருந்து கண்ணை எடுக்காமல். "பொட்டிக்குத்தான் பொண்டாட்டி. இது பொழைச்சாத்தான் உனக்கும் எனக்கும் சோறு. இன்னிக்கு மட்டும் என்னை விடு."