கலந்துபோன விதை

எங்கள் வீட்டு விதைநெல்லை எழுநூற்று இருபது ரூபாய்க்கு விற்றவள் நான்.

யாரும் என்னை விற்கச் சொல்லவில்லை. யாரும் என்னை ஏமாற்றி வாங்கவும் இல்லை. பதினெட்டு கிலோ, கிலோ நாற்பது ரூபாய். தராசில் நானே தூக்கி வைத்தேன்… பணத்தை நானே வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

என் கணவருக்கு இது தெரியாது. என் மாமனாரிடம் சொல்லும் துணிவு இன்றுவரை வரவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். கடைசிவரை கேட்டால் போதும்.

என் கணவர் செந்தில் குவைத்துக்குப் போக மூன்று லட்சம் கடன் வாங்கினோம். குடவாசலில் ஒருவரிடம், வீட்டுப் பத்திரத்தை வைத்து, மூன்று வட்டிக்கு. அங்கே போன பிறகுதான் சொன்ன சம்பளம் வேறு, கொடுக்கும் சம்பளம் வேறு என்று தெரிந்தது. அவர் அனுப்புவதில் பாதி வட்டிக்கே போனது. மீதியில் நான், இரண்டு பிள்ளைகள், மாமா. மாமா என்றால் என் மாமனார். அத்தை இறந்து ஆறு வருடமாகிறது.

நான் பி.காம். படித்தவள். வீட்டுச் செலவை எப்படி இறுக்குவது என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். கேபிளை நிறுத்தினேன். மூத்தவள் யாழினியின் சீருடையைப் பிரித்து மடிப்பு இறக்கித் தைத்தேன். சின்னவனுக்குப் பால் போக மிச்சமெல்லாம் சொசைட்டிக்கு ஊற்றினேன். மாமாவின் கண்ணில் புரை வளர்ந்திருந்தது. "கண்ணு எங்கயும் ஓடிடாது. கடன் அடையட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். நானும் சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

வட்டிக்காரர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். "அம்பதாயிரத்துக்குக் கொறஞ்சு அசல்ல கழிக்க மாட்டேம்மா. சில்லறையா குடுக்குறதெல்லாம் வட்டிக்குத்தான்." ஐம்பது ஐம்பதாகத்தான் அந்த மலையை வெட்ட முடியும். நான்கு வருடத்தில் ஐந்து முறை வெட்டினேன். கடைசி ஐம்பது மட்டும் பாக்கி. அதற்கு ஆவணிக் கடைசிவரை கெடு. தவறினால் வீட்டைத் தன் பெயருக்குக் கிரயம் எழுதித் தர வேண்டும் என்று முதல்நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்.

குவைத்திலிருந்து செந்தில் போனில் சொல்வார். "எப்புடியாச்சும் முடிச்சுரு. நீ முடிச்சுருவே, எனக்குத் தெரியும்." எப்படி என்று அவர் கேட்டதில்லை.

எப்படி… அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்களுக்கு இருப்பது இரண்டு ஏக்கர். ஒன்றரை ஏக்கர் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும். மீதி அரை ஏக்கரில் மாமா கிச்சிலிச் சம்பா என்ற சன்னமான பழைய ரகம் போடுவார். அது வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும். விதை வெளியில் வாங்குவதில்லை. அறுப்புக்கு முன்னால் அவரே வயலில் இறங்கி, நல்ல கதிராகப் பார்த்துப் பார்த்துக் கொய்து வந்து, காயவைத்து, நொச்சி இலை போட்டு ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் மூடி வைப்பார். நாற்பது வருடமாக அந்த விதையிலிருந்து அந்த விதை. "இந்த வீட்டுல ஒரு நாளும் கடையரிசி வெந்தது கெடையாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவருக்கு இருந்த ஒரே பெருமை அது. கல்யாண வீட்டில்கூட ரசம் மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுவார்!

கெடு முடியும் அந்த வருடத் தை அறுப்பில் பன்னிரண்டு மூட்டை வீட்டுக்கு வந்தது. மாதம் ஒரு மூட்டையை மொபெட்டில் வைத்து மில்லுக்குக் கொண்டுபோய் அவித்து அரைத்து வருவது என் வேலை. மில்லுக்கு எதிரே, பழைய ரக நெல்லை நல்ல விலைக்கு எடுக்கும் கடை ஒன்று புதிதாக வந்திருந்தது. ஒருநாள் விலை கேட்டேன். கேட்டது மட்டும்தான்… அடுத்த மாதம் மூட்டையோடு மில்லுக்குள் திரும்பாமல் அந்தப் பக்கம் திரும்பினேன்.

மாதம் ஒன்று, சில மாதம் இரண்டு என்று ஆவணிக்குள் எட்டு மூட்டை விற்றேன். பிள்ளைகளும் மாமாவும் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்கிறீர்களா? ரேஷன் அரிசி.

எங்கள் அட்டைக்குக் கிடைத்தது போதவில்லை. பக்கத்து வீட்டு ராணி அக்கா ரேஷன் அரிசியைச் சாப்பிடமாட்டார். கிலோ ஐந்து ரூபாய்க்குக் கொடுத்தார். மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச என்று சொல்லி வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து எங்கள் கொட்டகைப் பக்கம் வந்தவர் மாட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன்டி, இத்தன கிலோ அரிசி திங்குற மாடு இன்னும் எலும்புந்தோலுமா நிக்குது? அதுவும் ஒங்கூட சேந்து கடன் அடைக்குதா?"

சிரித்தேன். அவரும் சிரித்தார்.

ரேஷன் அரிசியை மூன்று முறை வெந்நீரில் அலசுவேன். வாடை போனதும் வெயிலில் உலர்த்தி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு எங்கள் கிச்சிலி அரிசியை முறத்தில் போட்டுக் கலப்பேன். கலந்ததை மில் பையில் கொட்டிவிடுவேன். முழுவதும் மாற்றினால் மாமாவின் நாக்கு கண்டுபிடித்துவிடும் என்று பயம். கண்ணைப் பற்றி எனக்குப் பயமில்லை… புரை விழுந்த கண்! கடன் அடையட்டும் என்று நானும் சேர்ந்து தள்ளிப்போட்ட அந்தக் கண்தான் எனக்குத் துணையாக இருந்தது.

யாழினி பார்த்துவிட்டாள். ஏழு வயது.

"ஏம்மா ரேஷன் அரிசிய நம்ம அரிசியில கொட்டுற?"

"தாத்தாகிட்ட சொல்லாத."

ஏன் சொல்லக்கூடாது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்!

வைகாசியில் மாமா சோற்றை விரலால் பிசைந்துகொண்டே நிறுத்தினார். "என்ன யம்மா இது… நெல்லு பழசாவ ஆவத்தானே கிச்சிலிச் சோறு ருசிக்கும்? இது வர வரத் தடிக்குதே." யாழினியைக் கூப்பிட்டார். "நீ சொல்லுடா, சோறு எப்புடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு தாத்தா" என்றாள், என்னைப் பார்க்காமலே. அவ்வளவு சுலபமாகச் சொன்னாள்.

மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு குடையை எடுத்தார். மில்காரர் நெல்லை மாற்றிவிட்டார் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. "ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வந்துடுறேன். நாப்பது வருசப் பழக்கம், எனக்கேவா இப்புடிப் பண்ணுவான்?"

போனால் என்ன ஆகும்? இரண்டு மாதமாக உங்கள் மருமகள் இந்தப் பக்கமே வரவில்லை என்று மில்காரர் சொல்லிவிடுவார். வாசலில் குறுக்கே நின்றேன்.

"அவரு மேல பழி போடாதீங்க மாமா. ஒவ்வொரு தடவையும் நான் கூடவே நின்னுதான் அரைச்சேன். ஒரு நெல்லு மாறல."

"நீ நின்னியா?"

"நின்னேன் மாமா."

குடையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். ஒரு நிரபராதியைக் காப்பாற்றிவிட்டேன் என்றுகூட அப்போது நினைத்துக்கொண்டேன்… என்ன ஒரு சமாதானம்! மில்லின் மேல் தப்பில்லை என்றால், மருமகள் மேல் சந்தேகமே இல்லை என்றால், மிச்சம் யார்? இதை நான் யோசிக்கவில்லை. அவர் யோசித்தார்.

ஆடி முடிந்து நாற்றங்காலுக்கு ஏற்பாடு செய்யும் நேரம். தட்டில் சோற்றைப் பரப்பி, ஒவ்வொரு பருக்கையாக இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சன்னம் ஒன்று, தடிமன் ஒன்று. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கலந்துபோச்சு யம்மா. விதை கலந்துபோச்சு."

நான் குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"போன வருசம் வயல்ல கலவன் எடுக்கயில கண்ணு சரியாத் தெரியல. வேத்துக் கதிரு நின்னுருக்கும், புடுங்காம விட்டுருப்பேன். அதையே விதைக்கும் எடுத்துருப்பேன். குருட்டுப்பய வேலை."

அவர் சொன்னது சரி. கலந்துதான் போயிருந்தது. ஆனால் வயலில் அல்ல… என் முறத்தில்! அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு வாய்ச் சோறு விழுங்கும் நேரம். சொல்லவில்லை.

"இந்த வருசம் கவர்மெண்டு விவசாய டிப்போவுல விதை வாங்கிப் போட்டுக்கலாம். அந்த டிரம்முல இருக்குறத அவிச்சு அரைச்சுரு. கலந்த விதைய வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அவித்த நெல் முளைக்காது. அவர் வாயாலேயே அதைச் சொல்லவைத்தவள் நான்.

கெடுவுக்கு நான்கு நாள் இருந்தது. ஐம்பதாயிரத்துக்கு எழுநூறு ரூபாய் குறைந்தது. விற்க மூட்டை மீதி இல்லை, கடைசி மூட்டையும் அரைத்தாகிவிட்டது. டிரம்மைச் சாக்கில் கொட்டி மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வாய்க்கால் மதகில் வண்டியை நிறுத்தியதை மறைக்க மாட்டேன். தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. சாக்கைத் திறந்து கையை உள்ளே விட்டேன். நொச்சி இலையின் வாசம். ஒல்லி ஒல்லியான நெல், ஒன்றுகூடக் கலக்காத நெல். இரண்டு கை அள்ளி முந்தானையில் கட்டி, வீட்டில் எங்காவது ஒளித்து வைத்திருந்தால் போதும். அடுத்த வருடம் ஒரு முறத்தளவு நாற்று விட்டிருக்கலாம். தோன்றியது. தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு கை குறைந்தால் எழுநூறு வருமா என்று உடனே மனம் கணக்குப் போட்டது… சாக்கின் வாயைக் கட்டினேன்.

ராணி அக்காவிடம் எழுநூறு ரூபாய் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். நான்கு கிண்டல் பண்ணிவிட்டுக் கொடுத்திருப்பார். அந்த நான்கு கிண்டலுக்குப் பயந்தேனா? நாற்பது வருட விதை அதைவிட மலிவாகப் போயிற்றா எனக்கு?

அன்றே பணத்தைக் கட்டி பத்திரத்தை வாங்கினேன். மீதி இருபது ரூபாய்க்கு யாழினிக்குக் கடலை மிட்டாய் வாங்கினேன். அவள் அதைத் தாத்தாவுக்கும் ஒன்று கொடுத்தாள். பத்திரத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே அவர் அதை மென்றார். "கெட்டிக்காரி யம்மா நீ. என் மவன் செய்யாதத செஞ்சுட்ட" என்றார்.

டிரம் நெல்லை அரைத்த அரிசி எங்கே என்று மாமா கேட்டபோது, கலப்பு அரிசி, இட்லிக்கு வைத்துக்கொண்டேன் என்றேன். பொய்க்குப் பழகிய வாய்!

பிறகு இலவச முகாமில் அவருக்குக் கண் அறுவை நடந்தது. கட்டுப் பிரிப்பதற்கு முன்னால் வீட்டில் ஒரு மணி ரேஷன் அரிசி இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். பார்த்தீர்களா, அதிலும் எவ்வளவு கவனம் எனக்கு!

அந்தக் கடைக்கு ஒருமுறை போய், நான் விற்ற பதினெட்டு கிலோ நெல்லில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். "அது அப்பவே அரைச்சு அனுப்பியாச்சும்மா. வேற ஊரு கிச்சிலி விதை இருக்கு, வேணுமா?" வாங்கி வந்து, டிரம் அடியில் கொஞ்சம் கிடந்தது மாமா என்று நீட்டியிருக்கலாம். நம்பியிருப்பார். வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். இன்னொரு முறை என் கையால் கலப்படம் செய்ய மாட்டேன். அந்த ஒன்றில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

கடனுக்காக அடகு வைத்த என் நகைகள் இன்னும் வங்கியில் இருக்கின்றன. அவற்றையும் மீட்பேன். தையல் மெஷின் எடுத்திருக்கிறேன். ராணி அக்காவின் ஜாக்கெட்டுகளே வாரத்துக்கு இரண்டு வருகின்றன. இனி சாப்பாட்டுத் தட்டில் கைவைக்காமல் அடைப்பேன். ஆனால் மறுபடி ஒரு ஆவணிக் கடைசி வந்து, இந்தக் கூரை போய்விடும் என்றால்… விற்பாயா என்று நீங்கள் கேட்டால், மாட்டேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

இந்தத் தையில் டிப்போ விதையில் விளைந்த நெல் வீட்டுக்கு வந்தது. நானே மில்லில் நின்று அரைத்தேன்; உண்மையாகவே நின்றேன். முதல்நாள் சோறு போட்டேன். மாமா ஒரு பிடியை உள்ளங்கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, புதுக்கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.

"பாரு யம்மா, எல்லாம் ஒரே மாதிரி. ஒண்ணுகூட மாறல." சிரித்தார். "இந்தக் கண்ண அப்பவே பாத்துருந்தா, அந்த விதையக் காப்பாத்திருப்பேன். என் கையாலயே கெடுத்துட்டேன்."

யாழினி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் கரண்டியை எடுத்தேன். "இன்னும் கொஞ்சம் போடவா மாமா?" என்றேன்.