நிமிர்ந்து நின்று சொன்ன பொய்

போன மாதம் ஒரு டாக்டரை ஏமாற்றிவிட்டேன். அதுவும் யாரை? எட்டு மணி நேரம் நின்று என் முதுகைத் திறந்து, எலும்பை நேராக்கி, இரண்டு கம்பி வைத்துத் தைத்து அனுப்பியவரை!

சில மாதங்களாக இந்தப் பக்கத்தில் ஏன் ஆளைக் காணோம் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். எனக்கு ஸ்கோலியோசிஸ். முதுகெலும்பு நேராக இறங்காமல் பக்கவாட்டில் வளைந்துகொண்டு போகிற கோளாறு. பதின்மூன்று வயதில் ஸ்கூல் யூனிஃபார்முக்கு அளவெடுத்த டெய்லர்தான் முதலில் பார்த்தார். "இன்னா பாப்பா, ஒரு தோளு மட்டும் ஏறிக்கீது?" என்றார். ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கித் தைத்துக் கொடுத்தார். விஷயம் அத்தோடு முடிந்தது. அப்புறம் துப்பட்டா, புடவை என்று முப்பது வருஷம் மறைத்தே ஓட்டிவிட்டேன். நாற்பத்து நாலு வயதில் ஒருநாள் எங்கள் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் டிரெயின் ஏறப் போனபோது இடது கால் மரத்துப்போய், பிளாட்ஃபாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு பெங்களூரில் ஆபரேஷனில் போய் நின்றது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்துகூட விட்டேன் — இந்த வயதில் யாருக்கு இந்த யோகம் கிடைக்கும்? கண்ணாடியில் தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. பார்க்க வந்தவர்கள் எல்லாம், "அட, நேரா ஆயிட்டியே!" என்றார்கள். நேராகிவிட்டால் வலி போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போகவில்லை. ஆனால் இது வேறு வலி.

பழைய வலியின் போக்குவரத்து எனக்கு அத்துப்படி. இடுப்பில் கிளம்பும், தொடையில் இறங்கும், படுத்தால் அடங்கும். இப்போது வருவது அப்படியில்லை. காலையில் தோள்பட்டைக்குக் கீழே எரிகிறது. மதியம் விலாவில் பிடிக்கிறது. தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் தொட்டால் உணர்ச்சியே இல்லை... ஆனால் அதே இடம் அரிக்கிறது! உணர்ச்சி இல்லாத இடம் எப்படி அரிக்கும்? யாரிடம் போய்க் கேட்பது?

இது ஆறுகிற வலியா, உள்ளே ஏதோ கெட்டுப்போகிற வலியா? கம்பி நகர்ந்துவிட்டதா, இல்லை நான்தான் பத்து நிமிஷம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டேனா? எதுவும் புரியவில்லை. குனியக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கை தவறி விழுந்ததெல்லாம் விழுந்த இடத்திலேயே கிடந்தது. சாயங்காலம் என் கணவர் குமார் வீட்டுக்கு வரும்போது சீப்பு, கரண்டி, பாதி உரித்த வெங்காயம் என்று என்னுடைய ஒரு நாள் முழுவதும் தரையில் கிடக்கும். அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்குவதைப் பார்க்க எனக்கு அழுகை வரும். எதற்கு இந்த ஆபரேஷன் என்று தோன்றும். அப்படித் தோன்றியதற்காகவும் ஒரு பாட்டம் அழுவேன்.

இந்த நிலைமையில்தான் இரண்டாவது மாத செக்கப் வந்தது.

நியாயமாகப் பார்த்தால் நான் என்ன செய்திருக்க வேண்டும்? எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? நல்ல புடவையாக எடுத்துக் கட்டினேன். டாக்டரைப் பார்க்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, காலையில் போடாமல் வைத்திருந்த வலி மாத்திரையையும் மதிய மாத்திரையையும் சேர்த்து விழுங்கினேன். நீங்கள் யாரும் செய்துவிடாதீர்கள், வெறும் முட்டாள்தனம். ஆனால் அது எனக்கு முட்டாள்தனமாகவே படவில்லை. டாக்டரைப் பார்க்கப் போனால் அப்படித்தான் போக வேண்டும் என்று பழகிய வீடு எங்கள் வீடு.

என் அப்பா — எனக்கு நைனா — தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கிற மெஷின் பிடித்தவர். அண்டர்கிரவுண்டு ஆட்களுக்கு அவ்வப்போது மெடிக்கல் டெஸ்ட் நடக்கும். டாக்டர் 'ஃபிட்' என்று எழுதினால் மறுபடி கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் ஏறிக் கீழே போகலாம். 'அன்ஃபிட்' என்றால் மேலே சர்ஃபேஸ் டூட்டி. கீழே போகிறவனுக்கு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைனில் இருக்கிற மதிப்பே வேறு. அதனால் டெஸ்ட்டுக்குப் போகிற அன்று நைனா வலிக்கிற இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டி, அதன் மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு, விறைப்பாக நடந்து போவார். டாக்டர் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான் — "ஒண்ணும் இல்ல சார்." திரும்பி வந்து கட்டிலில் விழுந்தால் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டார். எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகிவிட்டது. வழக்கம் மட்டும் இன்னும் மூடவில்லை.

பெங்களூருக்குப் போன காரில் நைனாவும் வந்தார். வழியெல்லாம் பாடம்தான். "டாக்டரு எதிர்ல நிமுந்து நில்லும்மா. வலிக்குது கிலிக்குதுன்னு மட்டும் சொல்லிப்புடாத. அப்பறம் அவரு இன்னாமோ எழுதிக்குவாரு."

நான் தலையாட்டினேன். அப்புறம் அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரு நடை நடந்தேன் பாருங்கள்... அணிவகுப்பில்கூட யாரும் அப்படி நடந்திருக்க மாட்டார்கள். டாக்டர் முகமெல்லாம் சிரிப்பு.

"வலி எப்படிம்மா இருக்கு? பத்துக்கு எவ்வளவு?"

"ரெண்டு இருக்கும் சார். சில நாள் அதுவும் இல்ல."

"வெரி குட். அப்ப அந்த ஸ்ட்ராங் மாத்திரையை நிறுத்திடலாம்."

நிறுத்திவிட்டார். அவர்மேல் என்ன தப்பு? பாஸானவளுக்கு எதற்கு மாத்திரை?

அடுத்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். வியர்த்துக் கொட்டியது, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. இதில் எவ்வளவு மாத்திரை நின்றதால், எவ்வளவு எலும்பால், எவ்வளவு பயத்தால் — பிரித்துப் பார்க்கவே தெரியவில்லை. பயம் வேறு ஒரு பக்கம் அரித்தது. நிஜமாகவே கம்பி நகர்ந்திருந்தால்? அதைக் கண்டுபிடிக்க வேண்டிய ஒரே ஆளிடம்தான் 'ரெண்டு' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேனே!

வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் ரேகாதான் முதலில் பிடித்தாள். ஜன்னலைப் பிடித்தபடி காலைத் தூக்கச் சொன்னாள். வலி எவ்வளவு என்று கேட்டாள். வாய் தன் பழக்கத்துக்கு, "மூணு" என்றது.

"மூணா? உங்க கைய பாருங்கக்கா, ஜன்னல் கம்பியே வளைஞ்சிடும் போல இருக்கு. நிஜ ஹேளி அக்கா, நிஜத்த சொல்லுங்க."

எனக்கு எந்த நம்பரைச் சொல்வது என்றே தெரியவில்லை. ஏழு என்று சொல்லி, நாளைக்கு இதைவிட அதிகமாக வலித்தால் சொல்வதற்கு மிச்சம் மூன்று நம்பர்தானே இருக்கும்? பத்து என்றால் எது? பிரசவமா? அது முடிந்ததும் கையில் ஒரு குழந்தையைக் கொடுத்தார்கள். இதற்கு என்ன கொடுப்பார்கள்?

அழுதுவிட்டேன். ரேகா குமாருக்குப் போன் போட்டாள். அவர் வந்ததும் காரில் நடந்த பாடம், சேர்த்துப் போட்ட மாத்திரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

குமார் இங்கே இருக்கிற கனரக இயந்திரத் தொழிற்சாலைக் குடும்பம். அவருடைய அப்பா அந்த வேலைக்காகத் திருச்சியிலிருந்து வந்தவர். அவர்கள் வீட்டில் ஒருவர் இரண்டு முறை தும்மினால் மூன்று டாக்டரைப் பார்ப்பார்கள். அவருக்கு நான் சொன்னது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"உன் முதுகைத் தைச்சவர்கிட்டயே நடிச்சுட்டு வந்தியா? எதுக்கு? நீ அன்ஃபிட்னு எழுதினா உன்னை எந்த ஷிஃப்ட்ல இருந்து எடுக்கப் போறாங்க?"

கூடத்தில் உட்கார்ந்திருந்த நைனா டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

போன புதன்கிழமை மறுபடி பெங்களூர். நைனாவும் பிடிவாதமாகக் காரில் ஏறிக்கொண்டார், ஆனால் இந்தத் தடவை பாடம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் என் பெயரைக் கூப்பிட்டதும் எனக்குக் கை கொடுக்கலாம் என்று நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். முடியவில்லை. இரண்டாவது முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்போது அவர் உதடு வெளுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற நர்ஸ் பதறிப்போய், "ஐயா, இடுப்பு வலியா? சார்கிட்ட காட்டுறீங்களா?" என்று கேட்டாள்.

நைனா சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்தார். "எனுக்கு இன்னாம்மா? ஒண்ணும் இல்ல. நல்லா கீறேன்."

அந்தப் பொய்யை நான் வெளியே நின்று பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, என் மேலா என்று தெரியாத ஒரு கோபம். அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, குமாரின் தோளைப் பிடித்தபடி, எவ்வளவு மெதுவாக நடக்க வருமோ அவ்வளவு மெதுவாக உள்ளே போனேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, போன தடவை அப்படி நடந்தீங்க? வலி பத்துக்கு எவ்வளவு?"

"தெரியல சார்," என்றேன்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு வந்தது, எரிவது, பிடிப்பது, உணர்ச்சியில்லாமல் அரிப்பது... டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இந்த எரிச்சல் எங்க ஆரம்பிக்குது, கையை வச்சுக் காட்டுங்க" என்றார். காட்டினேன். ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். கம்பி நகரவில்லை, ஸ்க்ரூ கழலவில்லை. முப்பது வருஷம் கோணலாக இழுத்துப் பழகிய தசை அவ்வளவு சீக்கிரம் புது வேலை கற்றுக்கொள்ளாதாம். மாத்திரையைத் திரும்ப எழுதி, இந்தத் தடவை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார்.

"அந்த அரிப்பு மட்டும் எப்ப சார் போகும்?"

அவர் அந்த இடத்தை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார். "அது எனக்கும் சரியாத் தெரியலம்மா. பார்ப்போம்."

வலி இன்னும் இருக்கிறது. எது என்ன வலி என்று பாதி நாள் புரிவதில்லை. ஆனால் இத்தனை நாள் தனியாகக் குழம்பிக்கொண்டிருந்தேன்... இப்போது துணைக்கு ஒரு டாக்டரும் குழம்புகிறார்!