பாறை ஏறிய ஞாயிறு

ஏழாம் வகுப்பில் நான் அப்பாவின் கையெழுத்தைப் போட்டேன். ஆங்கிலத்தில், கடைசி எழுத்துக்கு ஒரு வால் இழுத்து, அப்பா போடுவதைவிடக் கொஞ்சம் அழகாகவே.

மைசூரில் நான் படித்த பள்ளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பாறை ஏற அழைத்துப் போனார்கள். பாண்டவபுரம் பக்கத்தில் ஒரு குன்று. அதற்கு வீட்டில் சம்மதக் கடிதம் வாங்கி வர வேண்டும். ஏதாவது நேர்ந்தால் பள்ளி பொறுப்பில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. அப்பா அந்த ஒரு வரியை மட்டும் நான்கு தடவை படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளைக் கிரேனில் தூக்கி இறக்கும் பிரிவில் அவருக்கு வேலை. தரையை விட்டு மேலே போகிற எதுவும் என்றைக்காவது கீழே விழும் என்பது அவருடைய தீர்மானம்.

உண்மையில் எனக்கும் பாறைமீது ஆசை கிடையாது. மொட்டைமாடிச் சுவரருகே போனாலே உள்ளங்கால் கூசும். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழி போகிறாள், பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து வைக்கிறேன் என்றாள், அவ்வளவுதான். வயிற்றுவலி என்று சொல்லிக் கீழேயே உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொன்னேன். அந்தப் பதற்றத்தில் சாப்பாட்டுத் தூக்குவாளியைச் சமையல்கட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டது பஸ் ஊரைத் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

குன்றடியில் எல்லோரும் ஏறி முடிக்கும்வரை வரிசையில் பின்னால் பின்னால் நழுவிக்கொண்டே இருந்தேன். கடைசியில் வரிசையே தீர்ந்துபோய் நான் மட்டும் மிஞ்சினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பயிற்சி கொடுக்க வந்திருந்த அக்கா, "ஹொட்டே நோவா? மேலே ஹோத்ரே சரி ஆகுத்தே" என்று சிரித்தபடியே என் இடுப்பில் பெல்ட்டை மாட்டி, கயிற்றை முடிந்தார். மேலே போனால் எந்த வயிற்றுவலி சரியாகும் என்று எனக்குப் புரியவில்லை. கயிற்றின் மறுமுனை உச்சியில் உட்கார்ந்திருந்த இன்னொரு பயிற்சியாளரின் கையில். நடுவில் பாறை தொந்தி மாதிரி பிதுங்கியிருந்ததால் அவரை நானும் என்னை அவரும் பார்க்க முடியாது.

முதல் பத்தடி எப்படியோ ஏறினேன். பிறகு இன்னும் பத்தடி. பிதுக்கத்துக்குக் கீழே ஒரு விரல் அகலத் திட்டில் நின்று, தெரியாத்தனமாகத் திரும்பிப் பார்த்தேன். கரும்புத் தோட்டத்து ஓரமாக ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார். காக்கிச் சட்டை. கையில் தூக்குவாளி. தலையைக் குனிந்து வேகமாக வரும் அந்த நடையை எந்த உயரத்திலிருந்தும் எனக்குத் தெரியும்.

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அப்பா பள்ளிக்குப் போயிருக்கிறார். வாட்ச்மேன் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

என் முழங்கால் தையல் மெஷின் மிதிப்பதுபோல் ஆடத் தொடங்கியது. கீழே இறங்கினால் அப்பா. மேலே போனால் பாறை. யோசித்துப் பார்த்ததில் பாறையே தேவலை என்று பட்டது. எட்டிப் பிடித்தேன். பிடி கையோடு வந்தது. பாறையில் முகம் உரச, சர்ரென்று வழுக்கிக் கயிற்றில் தொங்கினேன். பெல்ட் விலாவை இறுக்கியது. கீழே முப்பது பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இடது, வலது, கீழே பார்க்காதே, கையை விடு, கையை விடாதே. எதுவும் எனக்குள் போகவில்லை. வாயில் மண்ணும் ரத்தமும் ருசித்தன.

அப்போது அந்தச் சத்தத்துக்கெல்லாம் மேலே ஒரு குரல் வந்தது.

"புள்ள! அசையாத!"

வீட்டில் அப்பா அப்படிக் கத்திக் கேட்டதே இல்லை. அது ஒர்க்‌ஷாப் குரல். கிரேன் மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்க வேண்டிய குரல். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"வலது காலுக்குக் கீழ ஒரு வெடிப்பு இருக்குது. பாக்காத, காலால தேடு. மெதுவா. இன்னும் மெதுவா. ஆங், அதான். இப்ப அதுல நில்லு."

நின்றேன்.

"இடது கையத் தூக்கு. இன்னும். இன்னும் ஒரு சாண். நிறுத்து. புடிச்சுக்க. மூச்சு விடு, அவசரம் ஒண்ணுமில்ல."

இப்படியே ஒரு ரயில் பெட்டியைத் தூக்குவதுபோல என்னைத் தூக்கினார். பிதுக்கத்தைத் தாண்டியதும் அவர் குரல் நின்றுவிட்டது. அவருக்கு நான் தெரியவில்லை. மீதி தூரம் எனக்கும் பாறைக்கும் மட்டும்தான்.

அந்த மீதி தூரத்தில்தான் அது நடந்தது. ஷூ நுனி ஒரு சின்ன மேட்டில் நின்றது. என் மொத்தக் கனத்தையும் அது தாங்கியது. விரல்கள் யாரும் சொல்லாமலே அடுத்த பிடியைத் தேடிப் போயின. பாறை இளஞ்சூடாக, பெரிய மாட்டின் விலாப்போல இருந்தது. கால் ஆடவில்லை என்பதையே கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். உச்சியில் கையூன்றி ஏறி நின்றபோது வயலும் வாய்க்காலும் தூரத்தில் சாமுண்டி மலையும் ஒரே வீச்சில் தெரிந்தன. காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. நிறுத்தவே முடியவில்லை. கயிறு பிடித்திருந்தவரிடம் இன்னொரு தடவை ஏறட்டுமா என்று கேட்டேன். என் கன்னத்தில் வழிந்த ரத்தத்தைக் காட்டி, முதலில் கீழே போ என்றார்.

பின்பக்கப் பாதை வழியாகக் கீழே ஓடி வந்தபோது டீச்சர் கடிதத்தை அப்பாவிடம் காட்டிக்கொண்டிருந்தார். உங்களைக் கேட்காமலா வந்தாள், இந்தக் கையெழுத்து உங்களுடையதுதானே என்று விசாரித்தார். அப்பா கடிதத்தைத் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, இப்போது தன் பழைய சின்னக் குரலில், "ஹௌது மேடம், நன்ன ஸைனே" என்று அது தன் கையெழுத்துதான் என ஒப்புக்கொண்டார். என்னைப் பார்த்துத் தூக்குவாளியை நீட்டி, "சாப்புடு" என்றார். அவ்வளவுதான். கண்ணாடி போட வேண்டிய வயது வந்துவிட்டதுபோலும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது அப்பாவையும் எங்கள் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டார்கள். அவர் கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்தார். பஸ் நகர்ந்ததும் முன்னால் யாரோ "மெதுவா... இன்னும் மெதுவா..." என்று அவரைப் போலவே சொன்னாள். பஸ் முழுவதும் சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது. கத்தியதுதான் கத்தினார், கன்னடத்தில் கத்தியிருக்கக் கூடாதா?

காவிரித் தண்ணீர் விஷயமாகத் தமிழர்களைத் தேடித் தேடி அடித்த கலவரம் முடிந்து அப்போது இரண்டு வருடம். அதன் பிறகு அப்பா வாசலைத் தாண்டினால் தமிழ் பேசுவதில்லை. பஸ்ஸில் நான் தமிழில் வாயைத் திறந்தால் தொடையில் லேசாகத் தட்டுவார். இது எனக்கு வீட்டு வழக்கங்களில் ஒன்று, செருப்பை வெளியே விடுவது மாதிரி.

திரும்பிப் பார்த்தேன். அப்பா சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. சிரிக்கிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் முகத்தை, டிரைவர் முகத்தை, கிளீனர் முகத்தை. கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன்.

என் தோழி சீட்டில் மண்டியிட்டுத் திரும்பி, "அங்கிள், மெதுவா அந்த்ரே ஏனு?" என்று அர்த்தம் கேட்டாள்.

அப்பா அவளையே பார்த்தார். பிறகு, "நிதானவாகி" என்றார்.

"ஓ, நிதானவாகி!" என்று அவள் பஸ்ஸுக்கே அறிவித்தாள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, எல்லோரும் டிரைவரைப் பார்த்து, "மெதுவா! மெதுவா!" என்று கத்தினார்கள். டிரைவரும் "ஆய்த்தும்மா, மெதுவா" என்று சிரித்தார். அப்பா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வெயில் அன்றைக்கு அப்படி.

எனக்குப் பாறையைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை. நடுவில் பத்து வரிசை இருந்ததையும் மறந்து, "அப்பா, அடுத்த தடவையும் வரட்டுமா?" என்று தமிழில் உரக்கக் கேட்டுவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வரலாம் கண்ணு," என்றார் அப்பா, பஸ் முழுவதுக்கும் கேட்கும்படி. "ரெண்டு பேருமே வரலாம்."

பாறை ஏற அனுமதி கிடைத்துவிட்டது என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது.